நாலு விரல் ஆழம்

பந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது, தரையோடு தரையாக, வேகமே இல்லாமல், கூட்ஸ் ஷெட்காரன் ஒருவனின் கால் நுனியில் பட்டு வழி தவறிப் புறப்பட்ட பந்து, அதை ஒரு அடி என்றே கணக்கில் சேர்க்க முடியாது, ஏசுபாதம் ஒரு முழங்காலை மடக்கிக் குனிந்து இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் வைத்துக் காத்திருக்கிறான், முகத்தில் ஒரு கவலையும் இல்லை, எடுத்தவுடன் யாருக்கு எறியலாம் என்று கண்ணை உயர்த்திப் பார்த்துக்கூட விட்டான், கோல் கம்பத்துக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், விடிகாலையில் பெய்த மழையின் ஈரம் இன்னும் மண்ணில் இருக்கிறது, இருபது வருஷமாக அந்தப் பந்து வந்துகொண்டே இருக்கிறது, பல் தேய்க்கும்போது வருகிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது வருகிறது, மனைவி ஏதோ கேட்டு நான் உம் கொட்டும்போது வருகிறது, அவன் கைகளுக்கு ஒரு முழம் முன்னால் அது வந்து சேருகிற இடத்தில் நில் என்று கத்த வாய் திறக்கும், சத்தம் மட்டும் வராது.

வரதன் சலூனில் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது, பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், சுடர் கால்பந்துக் கழகம், அந்தப் பக்கம் கூட்ஸ் ஷெட், நடுவில் ரயில் போகிறது, முப்பது வருஷமாக அவர்களை நாங்கள் இறுதி ஆட்டத்தில் ஜெயித்ததில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூன் பெஞ்சில் இடம் பிடிக்க அடிதடி, கத்தரி ஓடிக்கொண்டிருக்கும், பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும், கூட்ஸ் ஷெட் ஃபார்வர்டுக்குத் தொப்பை விழுந்துவிட்டது, அவனால் பத்து நிமிஷம் ஓட முடியாது என்று ஒருவன் சொல்ல, தொப்பையோட வந்து தாண்டா போன வருசம் உங்களுக்கு ரெண்டு போட்டான் என்று வரதன் சவரக்கத்தியை ஓங்கிச் சிரிக்க, நம்ம பேக் ரெண்டு பேரும் சுவர் மாதிரி என்று இன்னொருவன் சொல்ல, ஆமா, சுவர் மாதிரி நிக்கறானுங்க, நகரவே மாட்றானுங்க என்று டில்லி அண்ணன் முடித்துவைப்பார், டில்லி அண்ணன்தான் எங்களில் மூத்தவர், பெரிய குரல்காரர், சுடர் தோற்ற நாளில் வீட்டில் சாப்பிடாதவர், பேச்சு எங்கே தொடங்கினாலும் அவர் வாயில் வந்து ஒரே இடத்தில்தான் நிற்கும், அந்த ஒரு கோலு மட்டும் இல்லன்னா சுடர் இன்னிக்கு எங்கயோ இருந்திருக்கும், வித்துட்டான்யா அந்த ஏசுபாதம், அக்காவப் பாலத்துக்கு அந்தாண்ட கட்டிக் குட்த்துகிறான் இல்ல, மாமனுக்கோசரம் வுட்டுட்டான் என்பார், பெஞ்ச் முழுக்கத் தலை ஆடும், என் தலையும் ஆடும், தலையாட்டியதோடு விட்டேனா, ஒரு நாள் யாரோ என் முகத்தைப் பார்த்தபடி, நீ அவனுக்கு சிநேகிதனாச்சே, நீ இன்னா சொல்ற என்று கேட்டபோது, யாருக்குத் தெரியும், மனுசன் மனசு என்று சொன்னேன், விற்றுவிட்டான் என்று சொல்வதைவிட அது மோசம், அது எனக்கு அப்போதே தெரியும்.

லாடத்தைப் பற்றி வெளி ஆட்களிடம் நாங்கள் பேசுவதில்லை, குதிரை வண்டி ஓடிய காலத்துப் பழைய லாடங்கள் ஒரு டப்பா நிறைய வரதனின் அப்பா காலத்திலிருந்து சலூனில் இருந்தன, பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் அதில் ஒன்றை மைதானத்தில் சுவர்ப்பக்க கோலின் வாசலில் புதைக்க வேண்டும், டாஸில் யார் ஜெயித்தாலும் ஒரு பாதி ஆட்டம் அந்த கோலில் நம் ஆள்தான் நிற்பான், லாடம் பந்தை மறித்துவிடும், அதுதான் நம்பிக்கை, பவுடர் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள், ஒரே ஒரு சீட்டில் மட்டும் பேனாவால் ஒரு புள்ளி, புள்ளி வந்தவன் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது, எல்லோரும் போன பிறகு டப்பாவிலிருந்து ஒரு லாடத்தை எடுத்துப்போய் ஒரு சாண் ஆழம் தோண்டிப் புதைத்துவிட்டு வர வேண்டும், ஆயுசுக்கும் யாரிடமும் சொல்லக் கூடாது, புதைத்தவன் வாயைத் திறந்தால் பலிக்காது, அந்த வருஷம் புள்ளி எனக்கு வந்தது, எனக்கு ஒரே சந்தோஷம், ஏசுபாதத்துக்குக் காவலாக நான் வைக்கப்போகிறேன், என் நண்பனுக்கு நான், விளக்கு வைக்கிற நேரத்தில் சுவர் ஏறிக் குதித்துப் பழைய கரண்டியால் தோண்ட ஆரம்பித்தேன், நாலு விரல் ஆழம் போனதும் வாட்ச்மேன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது, போதும் என்று லாடத்தை வைத்து மூடி, காலால் மிதித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன், போதும் என்று யார் சொன்னது, நான்தான் சொன்னேன், இன்னும் நாலு தோண்டு தோண்டியிருந்தால் ஒரு சாண் ஆகியிருக்கும், கனவில் இப்போதும் தோண்டுகிறேன், ஒரு சாண் போகிறது, இரண்டு சாண் போகிறது, முழங்கை வரை கை இறங்குகிறது, லாடம் கிடைப்பதில்லை, ஏசுபாதத்தின் கையுறை கிடைக்கிறது, உள்ளே சூடாக இருக்கிறது.

விடிகாலை மழையில் மண் கரைந்து லாடத்தின் ஒரு முனை மேலே எழும்பியிருக்க வேண்டும், ஆட்டத்துக்கு முன் நான் போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை, வைத்தவன் அந்தப் பக்கம் சுற்றினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன், கடைசி ஐந்து நிமிஷம், கோல் எதுவும் விழவில்லை, அந்தப் பந்து வருகிறது, அவன் குனிகிறான், அந்த இடத்தில் பட்டதும் பந்து யாரோ கீழேயிருந்து தட்டிவிட்டதைப்போல எகிறி, பக்கவாட்டில் திரும்பி, அவன் தோளை உரசிக்கொண்டு உள்ளே போய் நான் பிடித்திருந்த வலையில் விழுந்தது, என் விரல்களில் அது தெரிந்தது, ஏசுபாதம் தன் கைகளையே பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான், பார்ப்பதற்குள் நம் ஆட்கள்தான் அவன்மேல் விழுந்தார்கள், துரோகி என்றார்கள், அக்கா வூட்டுக்கு விருந்துக்குப் போறியா என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான், அவனை மைதானத்தின் நடுவரைக்கும் இழுத்துப்போய் அடித்தார்கள், அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், எனக்குக் கேட்டது, மச்சான், நீ பின்னாலதான நின்ன, நீ சொல்லு மச்சான் என்று கூப்பிட்டான், அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால் கோல் வாசலில் மண்டியிட்டு லாடத்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, குழியை மூடி, குதிகாலால் மிதித்து மிதித்து மண்ணைச் சமமாக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை, சலூனுக்கும் வரவில்லை, முடி வெட்ட இரண்டு தெரு தள்ளிப் போனான், லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு மகள் பிறந்தாள், எப்சிபா என்று பெயர் வைத்தான், நான் மட்டும் அவன் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன், ஊரே ஒதுக்கியபோது நீ ஒருத்தன்தான் மச்சான் வந்த என்று அவன் எல்லோரிடமும் சொல்வான், அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும், இன்று சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போவேன், சொன்னால் பலிக்காது, கழகத்துக்கு ஆகாது என்று திரும்பி வருவேன், தோற்ற ஆட்டத்துக்கு இனி என்ன பலிக்க வேண்டும், ஆனாலும் அந்த விதிக்குள் போய் ஒளிந்துகொண்டேன், ஒளிய அது நல்ல இடம், போன ஆடி மாசம் கல்லீரல் கெட்டு அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான், நான் பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு போனேன், கட்டிலில் சாய்ந்தபடி இரண்டு கைகளையும் போர்வைமேல் விரித்து வைத்துக் காட்டினான், இப்டித்தான மச்சான் வெச்சிருந்தேன், கை கரெக்டாத்தான் இருந்திச்சி, முட்டி பின்னால இருந்திச்சி, அப்பால எப்டிப் போச்சி என்று கேட்டான், கல்லு கில்லு எதுனா இருந்திச்சா, நீ பின்னாலதான நின்ன என்றான், நான் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான், குரலைத் தாழ்த்தி, மகள் வாசலில் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டுச் சொன்னான், ஒருவேள நானே வுட்டுட்டனோ மச்சான், அக்கா அங்க வாக்கப்பட்டுகீதேன்னு மனசுக்குள்ள எங்கயாவது இருந்திருக்குமோ, எனக்கே தெரியாம வுட்டுட்டனோ, எல்லாரும் சொல்றாங்களே, எல்லாருமா பொய் சொல்வாங்க. என் சட்டைப் பையில் அன்று அந்த லாடம் இருந்தது, சத்தியமாக இருந்தது, காட்டத்தான் எடுத்துப்போயிருந்தேன், அத வுடு மச்சான், பழசு என்று சொல்லிப் பன்னைப் பாலில் நனைத்து அவன் வாயில் வைத்தேன். மூன்றாம் நாள் இறந்துபோனான், பெட்டியில் வைத்தபோது அவன் கைகளைச் சேர்த்துக் கட்டினார்கள், நான்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

எப்சிபா கோல்கீப்பர், அப்பா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போய் சுடரின் பெண்கள் அணியில் சேர்ந்தவள், இரண்டு வருஷம் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், இந்த வருஷம் எங்கள் பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள், எதிரே வேறு யார், கூட்ஸ் ஷெட் பெண்கள்தான், முதல் கோல்கீப்பருக்கு சுண்டுவிரல் பிசகிவிட்டது, எப்சிபாவை விட்டால் ஆளில்லை, சலூன் இரண்டுபட்டது, அப்பன் செஞ்சத பொண்ணு செய்யுமாடா, சின்னப் பொண்ணுடா என்று வரதன் சொன்னான், டில்லி அண்ணன் பெஞ்சைத் தட்டினார், அவ அத்த இன்னும் அங்கதான கீது, ரத்தம் போவுமா, ஒரு கோலு உள்ள போவட்டும், அப்பறம் பேசிக்கறேன் என்றார், ஒரு கோல் போதும், ஒரே ஒரு கோல் விழுந்தால் அந்தப் பெண்ணும் ஆயுசு முழுக்க இரண்டு தெரு தள்ளித்தான் நடக்க வேண்டும், எல்லோர் முகத்தையும் பார்த்தேன், யாரும் கெட்டவர்கள் இல்லை, கண்ணாடியில் என் முகமும் அவர்களோடு இருந்தது, பவுடர் டப்பாவைக் குலுக்கினார்கள், எனக்கு வந்தது வெறும் சீட்டு.

ஞாயிறு காலை எட்டு மணி, முந்தின இரவு பெய்த மழை, அதே ஈரம், நான் சுவர்ப்பக்க கோலுக்குப் பின்னால் அதே இடத்தில் வலையைப் பிடித்து நிற்கிறேன், எப்சிபா அப்பாவின் பழைய கையுறையை மாட்டிக்கொண்டு வருகிறாள், கைக்குப் பெரிதாக இருக்கிறது, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள், குனிந்து முழங்காலை மடக்கி ஒருமுறை கைகளைத் தரையில் விரித்துப் பார்க்கிறாள், யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், அப்போதுதான் பார்க்கிறேன், அவள் கைகளுக்கு ஒரு முழம் முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு மண் நிறம் மாறியிருக்கிறது, கொஞ்சம் உப்பியிருக்கிறது, வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது, எனக்குத் தெரியும், யாரோ போதும் என்று சொல்லியிருக்கிறான், அவனும் இந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறான், ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துவிட்டார், நான் ஓடுகிறேன், கம்பத்தைச் சுற்றி உள்ளே ஓடி அவள் முன்னால் விழுந்து பத்து விரலாலும் தோண்டுகிறேன், யோவ் பெரிசு, இன்னா பண்ற என்று யாரோ கத்துகிறான், நகத்தில் இரும்பு தட்டுப்படுகிறது, நாலு விரல்கூட இல்லை, லாடத்தைப் பிடுங்கி மேலே தூக்கிக் காட்டினேன், இருபது வருஷமாக வராத சத்தம் வந்தது, அந்த வருசம் நான்தான் வெச்சேன், ஆழமா வெக்கல, பந்து இதே மாதிரி லாடத்துல பட்டுதான் எகிறிச்சி, ஏசுபாதம் விக்கல, யாருக்கும் விக்கல, நான் எடுத்து ஒளிச்சிட்டேன், நான்தான், நான்தான் என்று கத்தினேன், எத்தனை தடவை கத்தினேன் என்று தெரியாது. முதலில் டில்லி அண்ணனின் குரல்தான் கேட்டது, அடப்பாவி, வெச்சவன் வாயத் தொறக்கலாமாடா, இன்னிக்கி மேட்ச்சும் பூட்ச்சிடா என்றார், ஒரு சாண் வெச்சிருந்தா அந்த வருசம் கப்பு நம்முதுடா என்றான் ஒருவன், கல்லு தரைல எப்டிரா ஒரு சாண் தோண்டுவ என்று இன்னொருவன், கோட்டுக்கு வெளியே புதிய விவாதம் தொடங்கிவிட்டது, ஏசுபாதத்தின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

எப்சிபா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை, குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து மெதுவாகக் கேட்டாள், இத எங்கப்பாகிட்ட சொன்னீங்களா மாமா. இல்லம்மா என்றேன். அவள் நிமிர்ந்து, குழியில் மண்ணைத் தள்ளி, பூட்ஸின் குதிகாலால் மிதித்து மிதித்துச் சமமாக்கினாள், தள்ளிக்கங்க, மேட்ச் ஆரம்பிக்கணும் என்றாள். நான் வலைக்குப் பின்னால் வந்து நிற்கிறேன், விசில் ஊதுகிறது, எத்தனை நிமிஷம் போனது என்று தெரியவில்லை, பந்து வருகிறது, தரையோடு தரையாக, வேகமே இல்லாமல், எப்சிபா முழங்காலை மடக்கிக் கைகளை விரித்துக் காத்திருக்கிறாள், கண்ணை உயர்த்தவில்லை, பந்து அந்த இடத்துக்கு வருகிறது, அந்த இடத்தைத் தாண்டுகிறது, எகிறவில்லை, திரும்பவில்லை, நேராகப் போய் அவள் கைகளுக்குள் அடங்குகிறது, அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கணம் தரையைப் பார்த்துவிட்டுத் தூர எறிகிறாள், எல்லோரும் பந்தின் பின்னால் ஓடிவிட்டார்கள், நான் லாடத்தைப் பிடித்தபடி வலைக்குப் பின்னால் நிற்கிறேன், கோல் வாசலில் ஏசுபாதம் இன்னும் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் யாரும் சொல்லவில்லை.