கூத்தையா போட்ட மனு

கூத்தையா இறந்த ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, மனுவில் கையெழுத்துப் போடுவதற்காக உப்பு ஆபீசுக்கு வந்தார். வேட்டியிலிருந்து கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது 1956, ஐப்பசி மாதம்.

ஆபீஸ் ராமநாதபுரத்துக்குக் கிழக்கே கரையில் இருந்தது. கிடங்கு எதிரே ஒரு தீவில். ஒன்பது காவலாளிகள் தினமும் சர்க்கார் தோணியில் போய்வந்தார்கள். அதன் அடிப்பலகை இற்றுப்போயிருந்தது. வேறு தோணி கேட்டு ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்த மனுக்களைச் சூப்பிரண்டு மேலே அனுப்பவில்லை. அதனால் ஒன்பது பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டுச் சென்னைக்கு நேராக அனுப்பினார்கள். எந்தக் குடிமகனும் அரசுக்கு மனுச் செய்யலாம். அரசு ஊழியர் மட்டும் கூட்டாகச் செய்யக் கூடாது, மேலதிகாரியைத் தாண்டியும் செய்யக் கூடாது என்பது விதி. தாள் சூப்பிரண்டு மேசைக்கே திரும்பி வந்தது. வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று எல்லாருக்கும் நோட்டீஸ் போனது. ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரைத் தாங்களே அடித்தார்கள். கடைசியாக அடித்தவர் கூத்தையா. அவருடைய மானாவாரி நிலம் மூன்று வருடமாக விளையவில்லை. அதற்கு அடுத்த மாதம் தோணி நடுவழியில் பிளந்தது. எட்டுப் பேர் நீந்திக் கரையேறினார்கள். கூத்தையாவின் உடல் மூன்றாம் நாள் ஒதுங்கியது. ஊரில் அடக்கம் செய்தார்கள். ஆபீசில் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினார்கள்.

எழுத்தர் பூமிநாதன்தான் அவரை முதலில் பார்த்தார்.

"என்ன கூத்தையாண்ணே, இங்கன வந்திருக்கீக?"

"அடிச்ச பேரைத் திரும்ப எழுதணும் தம்பி. அந்தத் தாளை எடுங்க."

சூப்பிரண்டு வெளியே வந்து, அரசு ஊழியன் மறுபடியும் அதே தப்பைச் செய்யலாமா என்று அதட்டினார். பூமிநாதன் மெதுவாகச் சொன்னார்: "அவரு இப்ப ஊழியர் இல்ல சார். போன வாரம் நீங்கதான பேரை நீக்குனீக."

சூப்பிரண்டு சாயங்காலம் வரை விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இறந்தவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மனுவை வாங்கி முத்திரை குத்தினார்.

பதில் வரவில்லை. கூத்தையா வாரந்தோறும் புதிய மனுவோடு வந்தார். அவர் உட்கார்ந்த பெஞ்சு கோடையிலும் காயவில்லை. ஒட்டுப்போட்ட அதே தோணியில் இப்போது எட்டுப் பேர்தான் ஏறினார்கள். ஆனாலும் தோணி ஒன்பது பேர் பாரத்துக்குத் தாழ்ந்தே போனது.

தை மாதத்தில் அவர் மனைவி பூமயில் ஆபீசுக்கு வந்து எதிரே நின்றாள்.

"ஆபீசுக்கு வாரீக. வீட்டுக்கு ஒரு எட்டு வரக் கூடாதா?"

"பேரை அடிச்ச கையோட எப்படி வாரது புள்ள?"

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் மூடும்வரை உட்கார்ந்திருந்தாள். கை கடல்நீர்போல் சில்லிட்டிருந்தது.

1959இல் புதிய தோணி வந்தது. முதல் நாள் அது எட்டுப் பேர் பாரத்துக்கே மிதந்ததைப் பார்த்து அந்த எட்டுப் பேரும் அழுதார்கள். அன்று மாலை கூத்தையா பூமயிலின் பின்னால் நடந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் திருவாடானையிலிருந்து சர்க்கார் ரோட்டு வேலைக்காரர் ஒருவர் மனுவோடு வாசலில் நின்றார். "செத்தவுக கையெழுத்துன்னா செல்லுமாமே?" என்று கேட்டார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்தார்கள், தபால்காரர்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள் வந்தார்கள். ராமநாதபுரத்திலிருந்து வரும் பஸ் அந்த வீட்டருகே நிற்கத் தொடங்கியது. 1963இல் ஒருநாள் சூப்பிரண்டே குடையோடு வந்து வரிசையில் நின்றார். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கையில் அவரைத் தூரத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவர் மனு மேலே போகவில்லை.

"படிங்க சார், கேட்டுக்கிடுறேன்" என்றார் கூத்தையா.

படிக்கையில் சூப்பிரண்டின் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கூத்தையா கையெழுத்துப் போட்டார். பூமயில் தாளை வெயிலில் உலர்த்திச் சூப்பிரண்டிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.