யோசெப்பினின் அறைத் தாழ்ப்பாள்

அக்னெஸ் தன் புருஷனிடம் நாலாவது தடவையாகச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, தங்கச்சியின்ர அறைக்குள்ள போறதெண்டால் கதவைத் தட்டிப்போட்டுப் போங்கோ."

அருமைநாதன் சிரித்தான். "என்ர மச்சாள்தானே. மச்சாளோட பகிடி விடாமல் வேற ஆரோட விடுறது?"

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. அக்னெஸின் தங்கை யோசெப்பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது மாதம். பகலில் பிரெஞ்சு வகுப்பு, பின்னேரம் பேக்கரியில் வேலை. அவள் உடுப்பு மாற்றும் நேரம் பார்த்து அருமைநாதன் கதவைத் திறந்து, "அயர்ன் பொக்ஸ் எங்க?" என்பான். தலைசீவும்போது பின்னலைப் பிடித்து இழுப்பான். "விடுங்கோ அத்தான்" என்று முதலில் அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டாள். இப்போது குளியலறைக்குள்ளேயே உடுத்திக்கொண்டுதான் வெளியே வருகிறாள்.

இந்த அருமைநாதன்தான் சபையில் மூப்பர். இளம் பெண்களுக்குப் பரிசுத்தத்தைப் பற்றிப் போதிக்கும்படி பாஸ்டர் இரவிச்சந்திரன் அவனைத்தான் கேட்டிருந்தார். சட்டைக் கையின் நீளம், கழுத்தின் அளவு, ஜீன்ஸ் என்று இரண்டு பக்கம் எழுதி, குசினி மேசையில் இருந்து உரத்து வாசித்துப் பார்த்தான். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அக்னெஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு பின்னேரம், சபை வாடகைக்கு எடுத்திருந்த நிலவறை மண்டபத்தில் அரை மணித்தியாலம் பேசி முடித்து, "கேள்வி ஏதும் இருக்கோ?" என்று கேட்டான்.

அக்னெஸ் வேதப்புத்தகத்தோடு எழும்பினாள். "குடும்பத்துக்குள்ள ஆரைத் தொடக்கூடாதெண்டு மோசே சொன்ன அதிகாரத்தை நேற்று வாசிச்சனான். தாய், சகோதரி, மருமகள், மனுசியின்ர சகோதரி எண்டு நிரையாக் கிடக்கு. உடுப்பைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. எல்லாம் ஆம்பிளையளுக்குச் சொன்னது. அதை எப்ப படிப்பிக்கப் போறியள்?"

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், அது பெரிய விஷயம். பேந்து கதைப்பம்."

"பேந்தெண்டால் எப்ப?"

அவர் கண்ணை மூடி முடிவு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அருமைநாதன் வெடித்தான். "எல்லாருக்கும் முன்னால என்னை வெட்கப்படுத்திப் போட்டாய். நான் அப்பிடி என்ன பிழை செய்தனான்? அது பகிடி!"

"பகிடியெண்டால் அவளெல்லோ சிரிக்கவேணும். சிரிக்கிறாளோ?"

அவன் விறுவிறென்று முன்னால் போனான்.

மறுநாள் அக்னெஸ் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து தங்கையின் அறைக் கதவில் தானே பொருத்தத் தொடங்கினாள். பழைய மரம், ஆணி இறங்கவில்லை. பெருவிரல் கிழிந்தது. யோசெப்பின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் ரெண்டு மாசமா வேற அறை தேடுறன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அத்தான்ர பேரைக் கெடுக்கிறன் எண்டு நினைப்பியளோ எண்டு பயம்."

அக்னெஸ் கையில் இருந்த சுத்தியலை நிலத்தில் வைத்தாள். நாலு தரம் அவனிடம் சொன்னவள், ஒரு தரமேனும் இவளிடம் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. அவனில் இருந்த ஆத்திரம் முழுக்கத் தன் மேலேயே திரும்பியது. தங்கையின் தோளைப் பிடித்தாள்.

யூலை முதலாந் திகதி, மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறுகிற நாள். அக்காடி மெட்ரோவுக்குப் பக்கத்தில், பேக்கரியில் கூட வேலை செய்கிற மாக்கிரட்டின் வீட்டில் யோசெப்பினுக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. அக்னெஸ் மெத்தையை வாசல்வரை இழுத்து வந்தாள். அருமைநாதன் படியோரம் நின்றான்.

"என்னாலயோ போறாள்?"

"ஓம்," என்றாள் அக்னெஸ். "உங்களாலயும், அவளை ஒண்டும் கேளாமல் உங்களோட மட்டும் கதைச்சுக்கொண்டிருந்த என்னாலயும். இப்ப மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ, படியில திருப்பவேணும்."

அவன் குனிந்து பிடித்தான்.