கடற்கல் வாடை

இறந்து கிடந்த தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த மூத்தவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டை மூக்குக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. இறந்தவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி அதைக் கவனித்தாள். வருகிறவர்கள் எல்லோருமே ஜன்னலோரமாகத்தான் ஒதுங்கினார்கள். பக்கத்து வீட்டம்மாள் இரண்டு முறை வாசனைத் தண்ணீர் தெளித்துவிட்டாள்.

மூத்தவர் அவள் பக்கம் குனிந்தார். "ஏம்மா, விடிகாலையில போனவன். வெயில் வேற. இதுக்கு மேல வெச்சிருக்கிறது நல்லா இல்ல. மதியமே எடுத்துடலாம்."

"குட்டி சாயங்கால ரயிலுக்குத்தான் வருவா அத்தான். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டாமா?"

"இந்த நிலையிலயா பார்க்கணும்? நாலு பேர் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறது அவனுக்கு மரியாதையா?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அழுது அழுது மூக்கடைத்திருந்ததில் அவளுக்கு எந்த வாடையும் தெரிந்திருக்கவில்லை.

"அது அவர் இல்ல அத்தான். எழுந்து வாங்க."

பின்பக்கக் குளியலறையில் இருந்த கறுப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். அழுகிய முட்டையும் சேறும் கலந்த நாற்றம். மூத்தவர் ஓரடி பின்வாங்கினார். கலங்கிய தண்ணீரில் ஓட்டை ஓட்டையாகக் கற்கள் கிடந்தன.

"கடல் மீன் வளர்க்கிறதுக்கு வாங்கினது. உயிருள்ள கல்லாம். பாசி, புழு எல்லாம் அதுல குடியிருக்குமாம். வர்ற வழியில பாதி செத்துடும். செத்தது அழுகிக் கழியிற வரைக்கும் உப்புத் தண்ணியை மாத்திக்கிட்டே இருக்கணும்னார். வாடை போறதுக்குள்ள மீனை விட்டா, மீனும் செத்துடுமாம்."

"இந்த நாத்தத்தோடயா ரெண்டு பேரும் குடும்பம் நடத்தினீங்க?"

"இவ்வளவு இருக்காது. மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும்." சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். பிளக் பிடுங்கப்பட்டு, வயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

பின்னால் வந்து நின்ற பக்கத்து வீட்டம்மாள் கையைப் பிசைந்தாள். "நான்தான் பிடுங்கினேன். சாவு வீட்டுல கொர்ருன்னு சத்தம் போட்டுச்சு. மரியாதையா இல்லையேன்னு..."

"நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

உண்மையிலேயே கோபம் வரவில்லை. விடிகாலையில் கூப்பிட்ட குரலுக்கு, தலையைக்கூட முடிந்துகொள்ளாமல் ஓடிவந்தவள் அவள்தான்.

மூத்தவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு டம்ளர் கழுவியதில்லை என்று தம்பி கேலி செய்வார். கெட்ட தண்ணீரை முகந்து கொட்டியவர், வாளியைக் குழாயடியில் வைத்தார்.

"குழாய்த் தண்ணி வேணாம் அத்தான், மிச்ச உசுரும் போயிடும். அந்த மூலையில பாருங்க. உப்புக் கலந்து நேத்தே வெச்சுட்டார்."

மூத்தவர் அந்த வாளிகளைச் சற்று நேரம் பார்த்தார். "லிஃப்ட் ரிப்பேருக்குப் போறப்பவும் இப்படித்தான். முந்தின நாளே பையைக் கட்டி வெச்சிடுவான்" என்றார்.

கல்லில் பிசுபிசுவென்று படிந்திருந்ததை அவள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். அவர் தண்ணீரை ஊற்றினார். மோட்டார் மறுபடி ஓடியது.

கூடத்துக்குத் திரும்பிய மூத்தவர் தம்பியின் தலைமாட்டில், முகத்தை ஒட்டினாற்போல் குனிந்து உட்கார்ந்துகொண்டார். அதைப் பார்த்து ஜன்னலோரம் நின்றவர்களும் ஒவ்வொருவராக அருகில் வந்தார்கள். புதிதாக வந்த யாராவது மூக்கைச் சுளித்தால், "அது என் தம்பி இல்ல, அவன் வளர்க்கிற கல்லு" என்றார். மதியமே எடுத்துவிடலாம் என்ற பேச்சு அதற்குமேல் யார் வாயிலும் வரவில்லை.

ரயில் தாமதம். மகள் வந்து சேர்ந்தபோது வாசலில் வண்டி தயாராக நின்றது. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வெளியே என்ஜின் உறுமியது.

மூத்தவர் எழுந்து போனார். "அணைச்சுடுப்பா. பொண்ணு அவங்கப்பாகிட்டப் பேசிக்கிட்டிருக்கு."

பிறகு வாசற்படியிலேயே, தெருவைப் பார்த்தபடி, வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டார். உள்ளிருந்து பார்த்த தம்பி மனைவிக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. சட்டையில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.