கல்முகம் கிடந்த கிராவல் ரோடு

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இந்த நிமிஷம் கையில் கற்பூரம் இல்லை. தீக்குச்சியை அணைத்திருக்கிறேன். சத்தியத்துக்கு அது போதும்.

திருவிடந்தையில், ஈ.சி.ஆரிலிருந்து மேற்கே திரும்பினால் எங்கள் நகர். மொத்தம் பதினாறு வீடு. உள்ளே வரும் முந்நூறு மீட்டர் கிராவல் ரோடு மனை விற்றவன் போட்டது. பஞ்சாயத்தில் போய்க் கேட்டால், “அது உங்க சொந்த ரோடு, நீங்களே பாத்துக்கோங்க” என்பார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வருஷா வருஷம் அது பள்ளமாகிக்கொண்டே போனது. தொண்ணூற்றொன்பதில் கேஸ் சிலிண்டர் போடுகிறவன் ஒரு குழியில் சைக்கிளோடு இறங்கினான். அவன் மறுநாள் நெம்மேலியில் கரையேறினான். காலி சிலிண்டர் மட்டும் இங்கேயே மூன்று நாள் மிதந்தது.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆறாவது வீட்டு தெய்வநாயகி சிரிக்கிற நிலையில் இல்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் மூச்சு வாங்கும், இரண்டு முறை தவறினால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் கேசவன் கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர். சைக்கிள் வைத்திருந்தார். மற்றபடி கண்ணாயிரத்தின் ஆட்டோதான்.

ரோட்டைச் சரிசெய்ய யோசனை கேட்கப் போனோம். சென்னை இன்ஜினீயர் ஒருவர் வந்து பார்ப்பதற்கே கேட்ட ஃபீஸில் பாதி ரோட்டைப் போட்டுவிடலாம். நெம்மேலியில் துரை என்று ஒருவர், முப்பது வருஷம் சாலை வேலை பார்த்து ரிட்டையரான மேஸ்திரி. அவரைக் கூப்பிட்டோம். “டப்பு வேணாம். இட்லி, வடகறி போட்டா போதும்” என்றார். பதினெட்டு இட்லி சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

கை கழுவின ஈரத்தோடு ஒரு குடம் தண்ணீரை எடுத்துப் போய் ரோட்டின் மேற்குக் கோடியில் கவிழ்த்தார். அந்தத் தண்ணீரின் பின்னாலேயே குனிந்து நடந்தார். அது நெளிந்து நெளிந்து வந்து, முதல் மனையின் காம்பவுண்டு சுவரில் முட்டி நின்றது.

“இங்கதான் சாவுது தண்ணி” என்றார் துரை. “இந்தச் சுவரு ரெண்டு அடி ரோட்டு மேல ஏறிக்கினு கீது. பழைய வாய்க்கா இதுக்கு அடியிலதான் கீது. சுவத்த உள்ள தள்ளு, வாய்க்காவத் தொற. அப்பால ரோட்ட நடுவுல ஒசத்து, மாட்டு முதுகு மாரி. செம்மண் கிராவல் போட்டு, நனைச்சு, ரோலர் வுடு. வாய்க்கா இல்லாம இன்னா கொட்னாலும் வேஸ்ட்டு.”

முதல் மனைக்காரர் அப்போது அங்கேயேதான் நின்றிருந்தார். பெயர் வேண்டாம். வயதானவர், ரத்தக்கொதிப்பு உண்டு. “சர்வேயர் வச்ச கல்லு மேல கட்ன சுவரு. தொட்டா கோர்ட்டுல பாத்துக்கலாம்” என்றார்.

கேசவன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு அடிதானே சார்.”

என் கையை ஏன் பிடித்தார் என்றால், எங்கள் நகர்ச் சங்கத்துக்கு நான் செயலாளர். நானும் வேறு வழி யோசித்தேன். மாமல்லபுரம் சிற்பப் பட்டறைகளில் உடைந்த கல் மலைபோல் கிடக்கிறது, சும்மா அள்ளிக்கொள்ளலாம். இரண்டு டிராக்டர் கல் வந்து குழிகளை நிரப்பியது.

காலையில்தான் பார்த்தோம். வந்ததெல்லாம் சில்லு இல்லை. இங்கே ஒரு மூக்கு, அங்கே ஐந்து விரல், அபயம் காட்டும் ஒரு கை. முதல் மனைச் சுவருக்கு எதிரே, நட்ட நடு ரோட்டில், பாதி உடைந்த அம்மன் முகம் ஒற்றைக் கண்ணோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது வீட்டு காயத்ரி அதற்குக் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பால்காரர் சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, அதன்மேல் கேனையும் வைத்துக்கொண்டு போனார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“அந்தக் கல்லை எடுத்து ஓரமா வச்சிடலாமே” என்றார் கேசவன்.

“குங்குமம் வச்சப்புறம் அசைக்கக் கூடாதுங்க” என்றாள் காயத்ரி. யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

ஐப்பசி மழை திங்கட்கிழமை பிடித்தது. தண்ணீர் சுவரில் முட்டி, திரும்பி, ரோடு முழுக்க நின்றது. கொட்டின கல் சேற்றில் அமிழ்ந்தது. செவ்வாய்க்கிழமை கண்ணாயிரம் ஈ.சி.ஆரிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டான்.

“இன்னா சார் பேஜாரு இது! தண்ணிக்கு அடியில சாமி மூஞ்சி எங்க கீதுன்னே தெரியல. மேல ஏத்திட்டா? எனக்கும் பொண்டாட்டி புள்ள கீது சார்.”

“எம் பொண்டாட்டிக்குத்தாம்பா கேக்கறேன்” என்றார் கேசவன்.

ஆட்டோ திரும்பிப் போனது. அன்றைய முறை தவறியது.

வெள்ளிக்கிழமை தெய்வநாயகிக்கு முகமும் காலும் வீங்கி, உட்கார்ந்தபடியேதான் மூச்சு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து கேசவன் முன்னாலும், பக்கத்து வீட்டு நரசிம்மன் பின்னாலும் தூக்கினார்கள். நான் குடை பிடித்தேன். முதல் மனைச் சுவர் அருகே இடுப்பளவு தண்ணீர்.

“பாத்துங்க” என்றாள் அவள். “அந்த முகத்தை மிதிச்சிடப் போறீங்க.”

கேசவன் ஒதுங்கிக் காலை வைத்தார். அங்கே குழி. நாற்காலி சாய்ந்து மூவரும் தண்ணீருக்குள் போனார்கள். அவளைத் தேடித் தூக்கி, கல்லிடுக்கில் மாட்டிய கேசவனின் காலை விடுவிக்க அரை மணி நேரம். கண்ணாயிரம் அழுதுகொண்டே ஓட்டினான். திருப்போரூர் தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது.

பாடையும் அதே தண்ணீரில்தான் போனது. அன்று தண்ணீர் சற்று வடிந்து மேலே தெரிந்த அந்த ஒற்றைக் கல் கண்ணிலிருந்து நீர் வழிந்ததைப் பதினாறு வீடும் பார்த்தது. மழை முந்தின நாளே விட்டிருந்தது.

துரையும் சாவுக்கு வந்திருந்தார். காபி வேண்டாம் என்றுவிட்டார். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.

“சுவரு அப்டியே கீதே” என்றார்.

எல்லாம் அந்தக் கல்முகத்தின் வேலை என்று சொன்னேன். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

முதல் மனையின் பத்திரம் என் பெயரில் இருக்கிறது.