தூக்கிய கை

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். வருகிறவர்களின் வாயில் பஞ்சை அடைப்பவள் என்பதால் டாக்டர் விளையாட்டாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவளுடைய பெரிய வேலை பஞ்சு வைப்பதல்ல. பயந்தவர்களை நாற்காலியில் உட்கார வைப்பதும், உட்கார்ந்தவர்கள் எழுந்து ஓடாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

வெளியே புலியாகத் திரிகிறவனும் அந்த நாற்காலியைக் கண்டால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவான். சிலர் சம்பந்தமில்லாமல் பேச்சை வளர்ப்பார்கள். சிலருக்கு அப்போதுதான் பாத்ரூம் முட்டும். போன் வருகிறது என்று வெளியே போய் அப்படியே வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். பஞ்சக்கா யாரிடமும் 'வலிக்காது' என்று சொன்னதில்லை. அது பச்சைப் பொய், ஊசி இறங்கியதுமே சாயம் வெளுத்துவிடும். அவள் சொல்வது இதுதான்: "வலிச்சா இடது கையைத் தூக்குங்க. டாக்டர் நிறுத்திடுவாரு." கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். இந்த ஒரு வார்த்தையை வைத்து அவள் எத்தனையோ கல்லைக் கரைத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் பஸ் டிரைவர் வந்தார். ஏற்கனவே இரண்டு தடவை வந்து, நாற்காலி சாய்ந்ததுமே எழுந்து ஓடியவர். இப்போது தாடை வீங்கி, முகமே ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கூட வந்த மனைவி பஞ்சக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீங்கதான்க்கா எப்படியாவது உக்கார வைக்கணும். ராத்திரி பூரா தூக்கமில்ல. வலி மாத்திரையை முழுங்கிட்டு அப்படியே பஸ் எடுக்கப் போயிடறாரு. நேத்து ஓட்டிட்டு இருக்கும்போதே கண்ணு செருகிடுச்சாம். பின்னாடி அவ்ளோ ஜனம் உக்காந்திருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் பாத்துக்கறேன், நீ போய் உக்காரும்மா."

பஞ்சக்காவுக்கும் தூக்கமில்லை. தங்கை கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். குழந்தை பகலெல்லாம் தூங்கிவிட்டு, வீடு படுக்கும் நேரம் பார்த்துக் கச்சேரியைத் தொடங்கும். அங்கேயும் தட்டிக்கொடுத்துச் சமாதானம் செய்வது அவள்தான். கால் வீங்கிச் செருப்பு இறுக்கியது. ஆறுதலும் ஒரு சரக்குதானே, காலையிலிருந்து அள்ளி அள்ளிக் கொடுத்தால் சாயங்காலத்துக்கு என்ன மிஞ்சும்?

டிரைவர் நாற்காலியின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் குதிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மலை ரோட்டுல பஸ் ஓட்டுறவன் நான். இதுக்குப் போய் பயப்படறானேன்னு நினைப்பீங்க."

"மலையில ஸ்டியரிங் உங்க கையில இருக்கு, அதான் பயமில்ல. இங்கயும் பிரேக் உங்க கையிலதான். இந்த இடது கை. தூக்கினா வண்டி நின்னுடும்."

"புடிக்குமா இந்த பிரேக்கு?"

"நான் பொறுப்பு."

வீங்கிய வாயோடு சிரித்தார். பிறகு மெல்ல மெல்லச் சாய்ந்து படுத்தார்.

டாக்டர் கெட்டவரில்லை. கை சுத்தமான ஆள். ஆனால் வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம், அவரும் காலையிலிருந்து குனிந்தபடியே இருந்தவர். மரத்துப்போக ஊசி போட்டார், நரம்பை எடுக்கப் பல்லைக் குடையத் தொடங்கினார். சீழ் பிடித்த பல்லுக்கு ஊசி சரியாகக் கேட்காது. கொஞ்ச நேரத்தில் டிரைவரின் இடது கை மேலே வந்தது.

"இதோ ஆச்சு, ஒரே நிமிஷம்" என்றார் டாக்டர். மெஷின் நிற்கவில்லை.

பஞ்சக்காவின் வலது கையில் எச்சில் உறிஞ்சும் குழாய் இருந்தது. இடது கை சும்மாதான் இருந்தது. அது தானாகப் போய்த் தூக்கிய கையைப் பிடித்தது, தடவிக்கொடுத்தது, மெதுவாகக் கீழே இறக்கிக் கைப்பிடியில் வைத்து அமுக்கியது. புதிதாகச் செய்ததில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க நேரமாகும், கூட்டம் சேரும், ஆளும் ஓடிவிடுவான் என்று எப்போதோ தொடங்கிய பழக்கம். பார்க்கிறவர்களுக்குத் தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வதுபோல் இருக்கும். நாள்பட அவளுக்கே அப்படித்தான் தோன்றியது.

கை மறுபடி எழும்பப் பார்த்தது. அவள் இன்னும் கொஞ்சம் பாரம் கொடுத்தாள்.

டிரைவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபமில்லை. மிதித்த பிரேக் பிடிக்காமல் போன மனுஷனின் பார்வை அது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார், கை தளர்ந்துவிட்டது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே பல் இருந்த இடத்திலேயே இருந்தது, கொடுத்த சொல்தான் போயிற்று.

மறுநாள் பஞ்சக்கா நடந்ததைத் தங்கையிடம் சொன்னாள். தங்கை குழந்தையை மடியில் போட்டு ஆட்டியபடி, "வேலை முடிஞ்சுதா இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

பஞ்சக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

பல்லைச் சுத்தம் செய்ய டிரைவர் இன்னொரு தடவை வரவேண்டியிருந்தது, இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். அடுத்த வாரம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். மனைவிக்கு வாயெல்லாம் பல். "வீக்கம் வத்திடுச்சுக்கா, நல்லாத் தூங்கறாரு. அந்தக்கா கையை விடாம புடிச்சிருந்தாங்கன்னு அவரே சொன்னாரு. ராசியான கைக்கா உங்களுக்கு."

நல்லா நாலு திட்டு திட்டியிருக்கலாம் இந்தப் பெண்.

டிரைவர் தயங்காமல் படுத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"வலிச்சா..." என்று பஞ்சக்கா தொடங்கினாள்.

"அதெல்லாம் வேணாம்க்கா. சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

டாக்டருக்கு ஏக சந்தோஷம். "பாத்தீங்களா பஞ்சக்கா, பயமே தெளிஞ்சுடுச்சு. நரம்பைத்தான் போன தடவையே எடுத்தாச்சே, இன்னிக்கு ஊசியே வேணாம்." மெல்லிய கம்பியைப் பல்லுக்குள் விட்டுச் சுத்தம் செய்யத் தொடங்கினார்.

கம்பி ஆழமாக இறங்கியபோது டிரைவரின் கால் கட்டைவிரல் சாக்ஸுக்குள் மடங்கியது. நெற்றியில் வேர்வை. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. எங்கோ கொஞ்சம் நரம்பு மிச்சமிருந்தது. கைகள் மட்டும் அசையவில்லை.

அவள் பேசாமல் இருந்தால் போதும். ஆள் ஓடப்போவதில்லை. இந்தப் பல்லும் முடிந்துவிடும், மனைவிக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறும், வெளியே இருக்கிற கூட்டமும் கொஞ்சம் குறையும். பஞ்சக்காவுக்கு அலுப்பாக இருந்தது, உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. குழாயை அவர் வாயிலிருந்து வெளியே எடுத்தாள்.

"டாக்டர், நிறுத்துங்க. அவருக்கு வலிக்குது."

டாக்டர் நிமிர்ந்தார். "அவர் கையையே தூக்கலையே."

"தூக்கமாட்டாரு டாக்டர். போன வாரம் தூக்கினாரு. நான்தான் புடிச்சு அமுக்கினேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். முகம் கறுத்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தவர், நாற்காலியில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, "ஊசியை எடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஊசி போட்டாயிற்று. மரத்துப்போக நேரமெடுக்கும். டாக்டர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், பஞ்சக்கா வீங்கிய காலோடு நின்றாள். டிரைவர் கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.