மூட்டைக் குறி மை

ஒரு பிள்ளையின் மத்தியானப் பசிக்கு அந்த ஊரில் விலை பதினெட்டே கால் ரூபாய். பதினெட்டரை கேட்டவர் பள்ளிச் சாப்பாட்டு டெண்டரில் தோற்று வீட்டுக்குப் போனார். ஜெயித்தவருக்குக் கால்கரண்டி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, அவர் பரிமாறும் அளவைப் பார்த்து ஊர் வைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காசில்லாமல் கிடைத்த விளம்பரத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா?

பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது தட்டு. எல்லாம் அணைத் தண்ணீர் ஏறி, வயலை விட்டுவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். மூடிக்கிடந்த நூல் மில்லின் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். தட்டுக் கணக்கு ஒரு நாளும் பிசகாது. சோறுதான் பற்றாது. கடைசி இருபது பேர் வரும்போது அண்டா அடியைக் காட்டிவிடும்.

“கெஞ்சுதுங்க அண்ணே,” என்றாள் சமையல்கார அக்கா. “என் கை தானா இன்னொரு கரண்டி போட்டுருது.”

“கெஞ்சலாவது! தட்டைக் கழுவிக்கிட்டு ரெண்டாந்தரம் வரிசைக்கு வருதுங்க. நான் தவழ்ந்ததே தராசுத் தட்டுல. என்கிட்டயேவா?”

பெரிய டீச்சரும் விடவில்லை. “சோறு பத்தலைன்னா உங்க டெண்டரை ரத்து பண்ணிடுவேன். ரெண்டு தரம் சாப்பிடுறது யாருன்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அவங்க சாப்பாட்டுச் சீட்டைக் கிழிச்சிடுறேன்.”

கால்கரண்டிக்கு மூளை வேலை செய்தது. கிடங்கில் மூட்டைக்குக் குறி போடும் மை ஒரு புட்டி வாங்கினார். எட்டு நாளைக்கு அழியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்த மை. சோறு வாங்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் இடது கையில் ஒரு பொட்டு. திங்களுக்குக் கட்டைவிரல், செவ்வாய்க்கு ஆள்காட்டி விரல், இப்படியே வெள்ளிக்குச் சுண்டுவிரல். அன்றைய விரலில் மை இருந்தால் மறுசோறு கிடையாது.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்ற பிள்ளைகளின் கையைப் பார்த்தார். நாலு விரலில் மை இருக்க வேண்டும். பலருக்கு இருந்தது ஒரு விரலில். சிலருக்கு அதுவும் இல்லை.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மைக்கடைக்கு ஓடினார். “யோவ், மை வித்தியா, கலர் தண்ணி வித்தியா? நாலு நாள்கூடத் தாங்கலையே!”

கடைக்காரர் தன் உள்ளங்கையை நீட்டினார். ஊதாக் கறை. “போன சனிக்கிழமை புட்டி உடைஞ்சது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சாச்சு, மாமனாரையும் திட்டியாச்சு. இது போகணும்னா தோல்தான் போகணும்.”

அப்படியானால் கொட்டகையில் ஏதோ வித்தை நடக்கிறது. கையும் களவுமாகப் பிடிப்பதென்று சாயங்காலமே கிளம்பினார்.

கொட்டகையில் கதவுகள் கிடையாது; குடும்பத்துக்கு ஒரு சாக்குத் திரை. முதல் திரைக்கு வெளியே ஒரு பொடியன் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து, இடது கையை நீட்டினான்.

“மை வைக்க வந்தீங்களா? சோறு எங்க?”

அவன் நடுவிரலில் மட்டும் மை. உள்ளேயிருந்து அதே சாயலில் ஒருத்தன் வந்தான்; அவனுக்குக் கட்டைவிரலிலும் மோதிர விரலிலும். அவன் பின்னால் மொட்டை அடித்த இன்னொன்று. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும்.

கால்கரண்டி கணக்கில் கெட்டிக்காரர். ஆனாலும் ஒரு நிமிஷம் ஆனது. மூன்று பேருக்குமாகச் சேர்த்துத்தான் ஒரு கை நிறைந்தது.

தாய்க்காரி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். வந்தவர் யாரென்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. “ஏமாத்தலைங்க ஐயா. குடும்பத்துக்கு ஒரு சீட்டுன்னாங்க. புள்ளை மூணு. ஒருத்தன் பேருல முறை வச்சு அனுப்புறேன். ஒரு நாளும் ஒரு தட்டுக்கு மேல எடுத்ததில்லை.”

“அந்த மொட்டை…”

“அது பொண்ணுங்க. சீட்டுல பையன்னு போட்டிருக்கே.”

சின்னவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டே நின்றான். கால்கரண்டி அடுத்த திரையை விலக்கினார். அதற்கடுத்ததையும். எங்கே போனாலும் இடது கைகள் தாமாக நீண்டன. கடைசித் திரை வரை போய், பிள்ளைகளை வாய் வாயாக எண்ணிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலை பெரிய டீச்சர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். “சொல்லுங்க, யார் யாரு?”

“ரெண்டு தரம் சாப்பிட்டவங்க ஒருத்தரும் இல்லை டீச்சர். மூணு நாளைக்கு ஒரு தரம் சாப்பிட்டவங்கதான் இருக்காங்க.” கொட்டகையில் பார்த்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

டீச்சரின் பேனா மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. “நேத்து வாய்ப்பாடு ஒப்பிச்சவன் இன்னைக்கு முழிக்கிறானேன்னு… எத்தனை பேரை முட்டி போட வச்சிருக்கேன் தெரியுமா?”

“திங்கக்கிழமையிலிருந்து பின்வாசலைத் திறந்து வைங்க. அங்க யாரும் சீட்டு கேக்கக் கூடாது. இன்னொரு உலை என் செலவுல. மூணு மாசம் தாங்குவேன். அதுக்கு மேல போனா எனக்கும் அங்க ஒரு சாக்குத் திரை பாக்கணும்.”

“ரெண்டு உலை எல்லாருக்கும் வருமா?”

கால்கரண்டி சாக்பீஸை எடுத்து, வாய்ப்பாடு எழுதியிருந்த கரும்பலகையின் ஓரத்தில் எழுதினார்.

வாய்: 371.
சீட்டுக்குச் சோறு: 140.
கால்கரண்டி: 140.
பாக்கி: 91.