பாரிட்சா அக்கா வீட்டு மூலை

பாரிட்சா அக்கா வீட்டு மூலையோடு எனக்கு இருபத்திரண்டு வருஷப் பகை. அக்காவோடு சத்தியமாக இல்லை, அந்த மூலையோடு மட்டும். குப்பா ஆற்றங்கரைத் தெருவில் மற்ற வீடெல்லாம் ஒதுங்கி நிற்க, அந்த ஓக் மர வீடு மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு, நான் தொழுவத்துக்குத் திரும்புகிற இடத்தில் வழியை மறித்து நிற்கும். இருநூறு வருஷத்து வீடு. அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் ஒரு ஜன்னலை மாற்றவும் அனுமதி வாங்க வேண்டும்.

வைக்கோல் ஏற்றிய ட்ரெய்லரோடு நான் திரும்பும்போதெல்லாம் அக்கா மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்து நிற்பாள். "இன்னும் இடது, இன்னும். போதும், நிறுத்து. என் வீட்டையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடாத" என்று கை காட்டுவாள். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் பல்லைக் கடிப்பேன்.

டிசம்பர் கடைசியில் பூமி ஆடியது. தெருவில் செங்கல் வீடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அக்கா வீட்டில் சிம்னி விழுந்து பின்பக்கத்தை அள்ளிக்கொண்டு போனது. அன்றைக்கு அவள் சிசாக் ஊரில் தங்கை வீட்டில் இருந்தாள், அதனால் பிழைத்தாள். தெருப்பக்கச் சுவரும் அந்தப் பாழாய்ப்போன மூலையும் அப்படியே நின்றன.

எங்கள் ஊர் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு நான்தான் தலைவன். மூன்றாம் நாள் காலை ஐந்து பேரோடு அந்த மூலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"இது சாயுது" என்றேன்.

என் படையாள் ஷ்டெஃபெக் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "எங்க சாயுது? என் கல்யாணத்தன்னைக்கு நான் நின்னதைவிட நேரா நிக்குது."

"தலைவன் நீயா நானா?"

"நீதான், சாமி. கம்பி வடத்தைக் கொண்டு வரேன்."

சுவரில் வடத்தைக் கட்டும் முன்னால் யாரோ என் போனை வாங்கி எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு தீயணைப்பு வண்டியை வைத்து இழுத்தோம். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவது இழுப்பில் மரம் அலறிக்கொண்டு வந்தது. சாய்கிற சுவரை எவனாவது மூன்று தடவை இழுப்பானா? படையின் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்: தெருப்பக்கம் சாய்ந்திருந்தது, ஆபத்து, அகற்றப்பட்டது.

மறுநாள் வைக்கோல் வண்டி ஒரே வளைவில் திரும்பியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அக்கா திரும்பி வந்தபோது கொல்லையில் அவளுக்கு ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருந்தார்கள். வந்த வாரமே, தங்கை வீட்டில் காய்ச்சிய சீமை மாதுளை ஜாமை ஒரு ஜாடி நிறைய எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "அந்தச் சுவர் யார் தலையிலயாவது விழுந்திருந்தா நான் தாங்கியிருப்பேனா? நீ இருக்கப்போய்த் தப்பிச்சுது, வின்கோ" என்றாள். அந்த ஜாமை நான் தின்றேன். ரொட்டியில் தடவி, ஜாடி காலியாகும்வரை தின்றேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்.

அக்டோபரில், இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டுவதற்கான மனுக்கள் மேல் விசாரணை வைத்தார்கள். நகராட்சிக் கட்டடத்தில் விரிசல் இருந்ததால் எங்கள் தீயணைப்புக் கூடத்திலேயே வைத்தார்கள். தலைநகர் ஸாக்ரெபிலிருந்து வந்த அதிகாரி அம்மா ஒவ்வொரு கோப்பாகப் பிரித்தார். அக்கா தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"விதியைச் சொல்லிடறேன்மா" என்றார் அதிகாரி. "பட்டியல்ல இருக்கற வீட்டுக்கு வெளிச்சுவர்ல பாதியாவது நின்னா, பழைய அஸ்திவாரத்து மேல பழைய மாதிரியே கட்டிக்கலாம். பாதி நிக்கலைன்னா அது புது வீட்டுக் கணக்கு. தெருவிலேருந்து அஞ்சு மீட்டர் தள்ளணும், ஆத்துலேருந்து பத்து மீட்டர் தள்ளணும்."

"என் மனையே மொத்தம் பதினாலு மீட்டர்தாம்மா."

"தெரியும். உங்களுக்கு நாப்பத்தாறு சதவீதம்தான் நிக்குது."

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப எங்க கட்டறது?"

"அந்த மனைல கட்ட முடியாதும்மா. வேற ஊர்ல அரசாங்கக் குடியிருப்புல இடம் தருவாங்க." அவர் தாளைப் புரட்டினார். "தெருப்பக்கச் சுவர் இருந்திருந்தா அறுபது தாண்டியிருக்கும். ஆனா அது நிலநடுக்கத்துல சாஞ்சு ஆபத்தா இருந்துச்சுன்னு தீயணைப்புப் படை எழுதியிருக்கு. அதனால அதுவும் சேதம்தான்."

"ஆமாம்மா. வின்கோதான் யாருக்கும் அடிபடாம இறக்கினான்" என்றாள் அக்கா. எனக்காகப் பரிந்து பேசினாள்.

இந்த விதி எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் இழுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஷ்டெஃபெக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்தேன். தலைவர் பதவியும் ஊரில் இருக்கிற பேரும்தான் கண்ணுக்குள் வந்து நின்றன.

"இன்னொண்ணு. உங்க மனுவோட கடைசியில ஒரு வேண்டுகோள் வெச்சிருக்கீங்க" என்று சொல்லி அதிகாரி வாசித்தார். "'திரும்பக் கட்டும்போது தெருப்பக்க மூலையை ஒரு மீட்டர் உள்ளே வாங்கிக் கட்ட அனுமதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ட்ரெய்லரைத் திருப்ப இருபது வருஷமாகக் கஷ்டப்படுகிறார்.' இது எப்படியும் முடியாதும்மா. கட்டினா இருந்தபடிதான் கட்டணும்."

"சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்றாள் அக்கா.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"அந்தச் சுவர் சாயலை" என்றேன்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"சாயலைம்மா. நேரா நின்னுச்சு. நான்தான் பொய் எழுதினேன். மூணு தடவை இழுத்துத்தான் வந்துச்சு." போனைத் தேடி எடுத்தேன். படத்தில் நாங்கள் ஆறு பேர் இளித்துக்கொண்டு நிற்கிறோம், பின்னால் அந்தச் சுவர் எங்களைவிட நேராக நிற்கிறது.

அதிகாரி போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆபத்தில்லாத சுவரை ஆணையில்லாம இடிச்சா அது சேதத்துல சேராது. நிக்கறதாத்தான் எடுத்துக்கணும். நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும். வழக்கு வரும், பதவியும் போகும். தெரியுமில்ல?"

"தெரியும்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ட்ரெய்லர் திரும்பறதுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாக்கா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "அந்தம்மா காத்திருக்காங்க. கையெழுத்தைப் போட்டுக் கொடு."

அடுத்த வருஷக் கோடையில் வீடு எழும்பியது. அதே அஸ்திவாரம், அதே மூலை, ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஷ்டெஃபெக் இப்போது படைத் தலைவன். என் வழக்கு இன்னும் நடக்கிறது.

நேற்று வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தேன். மூலையில் ட்ராக்டரை நிறுத்தினேன். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. அக்கா உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து மறுபடி பிசைந்தாள்.

நான் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். ஏறி ஒரு சாண் நகர்த்தினேன். மறுபடி இறங்கிப் பார்த்தேன். அப்படிப் பதினோரு தடவை இறங்கி ஏறின பிறகுதான் வண்டி தொழுவத்துக்குத் திரும்பியது.